வந்து சேர்ந்த நேரம்

எனக்கு வாய் நீளம். மர்பி டவுனில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "சங்கமித்ராவா? அது வாயைத் தொறந்தா தண்ணி லாரியே ரிவர்ஸ் எடுத்துடும்" என்பார்கள். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். என் அப்பா முனியப்பன் முப்பத்தொரு வருஷம் பிரஸ் மிஷின் ஓட்டியவர். ஒரு நாள் தன் கையால் அவர் செய்ததை, செய்யவே இல்லை என்று அவரையே நம்ப வைத்தேன்.

ஹெப்பகோடியில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. கீழே ஷெட்டில் அப்பா. இன்ஜினியரிங் முடித்த பிறகு மேல்மாடியில் நான். அங்கே டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் வாங்கி வந்ததே அப்பாதான். நேர்முகத் தேர்வு அன்று காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு, கேட் ஓரம் டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மிஷினிலும் சென்சார் உண்டு. அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தப் பட்டனை யார் அமுக்கினார்கள், எல்லாவற்றையும் அது நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கும். அதையெல்லாம் ஆறு போல ஓடவிட்டு, சர்வரில் பிடித்து, ஷெட்டில் தொங்கும் பெரிய திரையில் அப்போதைக்கப்போது காட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கட்டியது நான். திரை மாட்டிய அன்று கேண்டீனில் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. "அந்த போர்டு எம் பொண்ணு கட்டுனது. ஒரு செகண்ட்கூட தப்பா காட்டாது" என்று சாம்பார் ஊற்றுகிறவரிடம்கூடச் சொன்னார்.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. சோத்தைத் தின்னு முனி" என்று சிரித்தவர் நாராயணசாமி மாமா. அப்பாவும் அவரும் இருபத்திரண்டு வருஷம் ஒரே மிஷினில் ஜோடி. அவர் அத்திபெலேயிலிருந்து வருவார். அவர் மனைவி சாந்தா அத்தை கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸில் பாதி அப்பாவுக்கு, எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் பாதி அவருக்கு. அவரை அப்பா "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

புதிய மிஷின்களின் சென்சார்கள் கம்பி வழியாகப் பேசும். அப்பாவின் பிரஸ் பழசு. அழுத்தம் காட்டும் சென்சாருக்கு மட்டும் கம்பி இழுத்தோம். பட்டன்களுக்கு ஒரு சின்னப் பெட்டியை ஒட்டவைத்து, வைஃபையில் பேச விட்டோம். ஷெட்டில் வைஃபை அடிக்கடி விழும். விழுந்தால் பெட்டி செய்திகளை வயிற்றில் வைத்துக்கொண்டு, திரும்ப வந்ததும் மொத்தமாகக் கக்கும். அது பரவாயில்லை. பெட்டியின் கடிகாரம்தான் பெரிய தலைவலி. உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், தான் 1970 ஜனவரி ஒன்றாம் தேதியில் இருப்பதாகச் சொல்லும். திரையில் 1970-இல் நடந்த உற்பத்தியைப் பார்த்துவிட்டு என் மேனேஜர் ரகுராம் கத்தினார்.

"ஏனும்மா இது, என்ன இது? ஓனர் நாளைக்கு வராரு. இந்தக் கர்மத்தை மொதல்ல சரி பண்ணு."

சரி பண்ணினேன். அன்று மத்தியானம் இரண்டு விதிகள் எழுதினேன். ஒன்று, பெட்டி சொல்லும் நேரத்தை நம்பாதே, செய்தி நம்மிடம் வந்து சேர்ந்த நேரத்தையே போடு. இரண்டு, ஒரே செய்தி ஒரே நொடியில் பல தடவை வந்தால் ஒன்றாக எண்ணு. திரை சுத்தமானது. ரகுராம் எல்லோருக்கும் மைசூர் பாக் வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேரும் பத்திரிகையில், தபால்காரர் கொடுத்த தேதியையே கல்யாணத் தேதி என்று எழுதி வைத்துக்கொண்டேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த விபத்து. காலை பதினொன்றே முக்காலுக்கு ஒரு தகடு அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க நாராயணசாமி மாமா தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டிருக்கிறார். மேல் அச்சு மெதுவாக இறங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் பட்டன் பலகையருகே அப்பா மட்டும்தான். மிஷின் நிற்க நாற்பத்தொரு நொடி ஆனது. மாமா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். சீக்கிரம் நின்றிருந்தால் கை போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ரகுராம், எச்.ஆர்., யூனியன்காரர் ஒருவர். இந்தப் பக்கம் லேப்டாப்போடு நான். அப்பா உட்காரச் சொல்லியும் உட்காராமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இறங்க ஆரம்பிச்ச ஒடனே சிவப்பு பட்டனை அமுக்குனேன். நிக்கல. உள்ள போன பட்டனைத் திருகி விட்டுட்டு மறுபடி அமுக்குனேன். மூணு வாட்டி சார். நிக்கவே இல்ல. அப்புறம் தூண் பக்கம் ஓடினேன். மெயின் சுவிட்சுக்கு முன்னாடி சரக்கு வைக்கிற மரப் பாலெட்டா அடுக்கி வெச்சிருந்தாங்க. அதெல்லாம் தள்ளிட்டு இழுத்தேன். அப்பதான் நின்னுச்சு."

"சிஸ்டத்துல ஒரு வாட்டிதான் இருக்கு முனியப்பா" என்றார் ரகுராம். "அதுவும் முப்பத்தெட்டாவது செகண்ட்ல. நாப்பத்தொண்ணுல மிஷின் நின்னிருக்கு. பட்டன் வேலை செஞ்சிருக்கு. நீதான் லேட்டு. மேடம், கிராஃபைப் போடுங்க."

போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். அப்பா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். 'இருங்க, ஒரு தடவை பார்த்துடறேன்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பெட்டி அனுப்பியதை முதலிலிருந்து பார்த்தால் மிஞ்சிப் போனால் அரை நாள் வேலை. ஆனால் எனக்குப் பயம். அப்பனுக்காகக் கணக்கை வளைத்தாள் என்று மேல்மாடியில் எவனாவது சொல்லிவிடுவான் என்ற பயம். அதைவிட, நான் கட்டியது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு திமிர்.

"டேட்டால அதான் சார் இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அப்பா விடவில்லை. அம்மா சந்திரம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வாட்டி அமுக்குனேன் பாப்பா. எங்கையி எனக்குத் தெரியாதா?" என்று அவர் பத்தாவது தடவையாகச் சொன்னபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும்ப்பா! மனுஷன் பயத்துல என்ன வேணா நெனைப்பான். டேட்டா பொய் சொல்லாது. நீ அப்படியே மரமாட்டம் நின்னுட்ட. இப்ப உனக்கு அமுக்குன மாதிரி தோணுது. அவ்ளோதான்."

"அடிப்பாவி" என்றாள் அம்மா. "உன் பொட்டியை நம்புவ, பெத்தவனை நம்ப மாட்டியா? இந்தாளு என்னைக்குடி பொய் சொன்னாரு?"

அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "விடு சந்திரா. பாப்பா கட்டுனது தப்பா காட்டாது. நான்தான் நின்னுட்டேன் போல" என்றார்.

மறுநாள் எச்.ஆர். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வயதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மட்டும் அதே பஸ்ஸில் அதே கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த 'போல' என்ற சொல் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிட்டது. "நான் நின்னுட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு அதற்குக் கையும் காலும் முளைத்தன. "சாமி என்னைப் பார்த்தான் பாப்பா. வாயைத் தொறந்து ஏதோ சொன்னான். நான் பட்டனைப் பார்த்துட்டே நின்னேன். கை வரல." இதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பரவாயில்லை, உண்மை மெல்ல மெல்ல வெளியே வருகிறது என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அத்திபெலேக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் சாந்தா அத்தை வீட்டு வாசலில் விழுந்து, "நான் லேட்டா அமுக்கிட்டேன்மா, என்னாலதான் சாமி போனான்" என்று சொல்லியிருக்கிறார். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வாரமும் போனார். அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர். வாசலில் இருந்த நீல டிரம்மைக் குடம் குடமாகத் தூக்கி நிரப்பிவிட்டு, கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். அத்தை தடுக்கவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் கம்பெனியில் பழைய ஏற்பாட்டைத் தூக்கிவிட்டுப் புதியது போட முடிவு செய்தார்கள். இப்போது எல்லாப் பெட்டிகளிலும் பேட்டரி இருக்கிறது. ஷெட் ஓடாத ஒரு ஞாயிறு காலை, நான் தனியாக உட்கார்ந்து பரிசோதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. மிஷின் சொன்னது எல்லாம், எந்த விதியும் தொடுவதற்கு முன்னால், வந்தது வந்தபடி ஒரு பக்கம் பதிவாகியிருக்கும். அதன் கடைசியில் சேர்க்கலாமே தவிர, உள்ளே எதையும் யாராலும் மாற்ற முடியாது. வேண்டுமென்றால் பழைய நாளை எடுத்து முதலிலிருந்து மறுபடி ஓடவிடலாம்.

வைஃபை விழுந்த நாளாக ஒன்று வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களின் பட்டியலில் விபத்து நடந்த தேதி இருந்தது. அன்று பதினொன்றே முக்காலுக்கு, சரியாக அந்த நேரத்தில், வைஃபை அரை நிமிடத்துக்கும் மேல் விழுந்திருந்தது.

பெட்டி தன்னை 1970 என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், நொடிகளை ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தது. பிரஸ்ஸின் ஒவ்வொரு அடிக்கும் அமுக்கிய பட்டனை அது குறித்திருந்தது, அந்த அடியின் அழுத்தத்தைக் கம்பி வழி சென்சார் குறித்திருந்தது. இரண்டையும் அடிக்கு அடி ஒட்டிப் பார்த்தால் பெட்டியின் உண்மையான நேரம் தெரிந்துவிடும். இருபது நிமிட வேலை. ஒட்டினேன்.

அச்சு இறங்கத் தொடங்கிய இரண்டாவது நொடியில் சிவப்பு பட்டன். ஐந்தாவது நொடியில் மறுபடி. எட்டாவது நொடியில் மறுபடி. மூன்று தடவை. அழுத்தம் ஒரு தடவைகூடக் குறையவில்லை. பட்டன் கேட்டும் மிஷின் கேட்கவில்லை. அந்த மூன்று செய்திகளையும் பெட்டி வைத்திருந்து, வைஃபை வந்ததும் முப்பத்தெட்டாவது நொடியில் ஒன்றாகக் கக்கியிருக்கிறது. என் முதல் விதி அவற்றுக்கு முப்பத்தெட்டு என்று நேரம் போட்டது. என் இரண்டாவது விதி மூன்றை ஒன்றாக்கியது. நாற்பத்தொன்றில் மிஷின் நின்றது, அப்பா மெயினை இழுத்ததால்.

மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன். பிறகு ரகுராமுக்குப் போன் போட்டேன்.

"ஈக யாக்கம்மா இதெல்லா? இப்ப எதுக்கு இதெல்லாம்? ரெண்டு வருஷம் ஆச்சு. என்கொயரி முடிஞ்சு போச்சு. பழசைக் கிளறாதே. உனக்கும்தான் கெட்ட பேரு" என்றார்.

"எனக்கு வரட்டும் சார். வர வேண்டியது எனக்குத்தான். நீங்க சௌக்கியமா டிபன் சாப்பிடுங்க" என்று வைத்தேன். பதிவின் மூன்று வரிகளையும், என் இரண்டு விதிகளையும், என் பெயரையும் போட்டு, ரகுராமிலிருந்து ஓனர் வரைக்கும், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கும் மெயில் அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அத்திபெலே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் காலில் விழ வேண்டும். அவர் என்னை இரண்டு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அறைந்தால்தான் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. எப்படியும் இன்று சாயங்காலம் அப்பா நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வருவார். அந்த ஒன்றுக்காக பஸ் ஓட்டுநரை மனதுக்குள் விரட்டிக்கொண்டே போனேன்.

சாந்தா அத்தை வீட்டு வாசலில் அப்பா டிரம்முக்குள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "என்ன பாப்பா? அம்மாவுக்கு ஏதாச்சும்?"

"அம்மாக்கு ஒண்ணும் இல்லப்பா." நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "நீ அமுக்குனப்பா. ரெண்டாவது செகண்ட்லயே அமுக்குன. மூணு வாட்டி அமுக்குன. நீ சொன்னது அத்தனையும் நெஜம். என் சிஸ்டம்தான் தப்பு. நான் எழுதுனதுதான் தப்பு. என்னை மன்னிச்சுடுப்பா."

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடச் சொன்னார். நான் போனில் படம் பிடித்து வைத்திருந்த மூன்று வரிகளையும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல பாப்பா."

"என்னப்பா இல்ல?"

"நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சாமி என்னைப் பார்த்தான். கை தூக்கவே வரல. தெனம் அதானே கண்ணுல நிக்குது."

"ஐயோ அப்பா! அது நான் சொன்னது. நான் சொல்லிச் சொல்லித்தான் உனக்கு அப்படித் தோணுது. அன்னைக்கு ரூம்ல நின்னு நீயே சொன்னியே, மூணு வாட்டி அமுக்குனேன், திருகி விட்டேன்னு. அந்தத் திருகுனது ஞாபகம் இல்லையா? பாலெட்டைத் தள்ளுனது?"

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே தேடினார்.

"அது பயத்துல சொன்னது" என்றார். "நீதானே சொன்ன, மனுஷன் பயத்துல என்ன வேணா நெனைப்பான்னு. அன்னைக்கு நீ அப்பான்னு பார்க்காம உள்ளதைச் சொன்ன. அதான் சரி. இன்னைக்கு அப்பான்னு பார்க்குற. பாசத்துல மாத்திப் பார்க்குற. வேணாம்டா கண்ணு. உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது."

சர்வரில் இருக்கும் பதிவை யாராலும் மாற்ற முடியாது என்று சற்றுமுன் சொன்னேனே. மனுஷனுக்குள் இருப்பதை மாற்றிவிடலாம். நான் மாற்றியிருக்கிறேன். அங்கே ஓடவிட்டுப் பார்க்க மீதி எதுவும் இல்லை.

கதவு திறந்தது. சாந்தா அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"உள்ள வாங்கண்ணா. ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க."

அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார். "இருக்கட்டும்மா. டிரம்மு இன்னும் நெறையல" என்றார். வலது கையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

அத்தை அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "வாரா வாரம் எனக்குத் தண்ணி சுமந்தாரேடி. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலையே நான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, அங்கே இருந்த இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனேன்.

குழாயடியில் நீள வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கேண்டீனில் பார்த்த அதே முகம்.

"எம் பொண்ணு. கம்பெனில கம்ப்யூட்டர் வேலை. இது கட்டுனது ஒரு செகண்ட்கூட தப்பா காட்டாது" என்றார்.

வரிசை நகர்ந்தது. நான் குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தேன்.